பெரிய கடை வருகிறது: டிராஃபிக் அறிக்கையில் எதைத் தோண்ட வேண்டும்?

மூலைவீடு (கேள்வி)

எங்கள் குடியிருப்பை ஒட்டிய நாலுவழிச் சாலையில், மூடிக் கிடக்கும் ஆலை இடத்தில், 1,20,000 சதுர அடியில் ஒரு பெரிய சில்லறைக் கடைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். மளிகையும் உண்டு. முன்னால் திறந்தவெளி பார்க்கிங். வாடிக்கையாளருக்கு ஒரே கேட். அது எங்கள் தெருமுனைக்கு நேர் எதிரே வருகிறது. அங்கே புதுச் சிக்னல் போடுவார்களாம். ஆட்சேபம் எழுத மூன்று வாரம் இருக்கிறது.

டிராஃபிக் அறிக்கையின் சாரம் இது: மாலை உச்ச மணியில் புதிதாக 374 டிரிப். பக்கத்து ஜங்ஷன் இப்போது 'டி' தரம் (தாமதத்தை வைத்து 'ஏ' முதல் 'எஃப்' வரை போடும் தரம்), கடை வந்த பிறகும் 'டி'தான், கூடுதல் தாமதம் 4 வினாடி. கேட்டுக்குத் திரும்ப 45 மீட்டரில் தனித் தடம்.

குடியிருப்பில் பாதிப் பேர் "வரவே கூடாது" என்கிறார்கள். மீதிப் பேர் "ரோட்டை அகலப்படுத்தினால் போதும்" என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. அறிக்கையை எந்த இடத்தில் பிடித்தால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்?

சாலைக்கணக்கு

முதலில் அந்த 374-ஐப் பிரிப்போம். பெரும்பாலான அறிக்கைகள் ஐடிஇ எனப்படும் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பின் டிரிப் ஜெனரேஷன் கையேட்டைத்தான் எடுப்பார்கள். மளிகையும் சேர்ந்த பெரிய தள்ளுபடிக் கடைக்கு அதில் வகை எண் 813. மாலை உச்ச மணியில் ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 4.33 டிரிப். 120 × 4.33 = 520. அதில் 28 சதவீதம் கழித்தால் 374. உங்கள் அறிக்கையின் எண் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த 28 சதவீதம் போகிற போக்கில் நுழைகிறவர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு எப்படியும் அந்தச் சாலையில் போகிறவர், நடுவில் கடைக்குள் திரும்பி, வாங்கிக்கொண்டு, தன் வழியே போகிறார். சாலைக்கு அவர் புது வண்டி இல்லை. கழிப்பது நியாயம்தான்.

எங்கே கழிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். இரண்டு ஜங்ஷன் தள்ளிக் கழிக்கலாம். கேட்டில் கழிக்கக் கூடாது. நேராகப் போயிருக்க வேண்டிய வண்டி கேட்டில் வேகம் குறைத்து, திரும்பி, உள்ளே போய், மறுபடி வெளியே வந்து கலக்கிறது. ஆகவே கேட்டின் கணக்குக்கு 520 முழுசாக வர வேண்டும். கூடவே, அந்த 146 டிரிப்பில் உள்ளே நுழைகிற பாதியை நேர்ப்போக்கிலிருந்து கழிக்க வேண்டும்; திருப்பத்தில் அது 520-க்குள்ளேயே வந்துவிடும். கேட் படத்தில் உள்ளே வரும் அம்புகளின் எண்களையும் வெளியே போகும் அம்புகளின் எண்களையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 374 என்று வந்தால் அந்த அத்தியாயமே தப்பு.

ஒரு எச்சரிக்கை. டிரிப் என்பது ஒருபக்கப் போக்கு. ஒரு வண்டி வந்து போனால் இரண்டு டிரிப். 520 டிரிப் என்றால் 260 வண்டி உள்ளே, 260 வண்டி வெளியே. கூட்டத்தில் "520 கார் வரப்போகிறது" என்று யாராவது சொன்னால், எதிர்த்தரப்புப் பொறியாளர் அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் சரியான கணக்கும் எடுபடாது.

அடுத்தது 45 மீட்டர் தடம். நின்றுகொண்டிருக்கும் கார் ஒன்றுக்கு இடைவெளியோடு 7.5 மீட்டர் என்று வையுங்கள். ஆறு கார் பிடிக்கும். உள்ளே வரும் 260-ல் 60 சதவீதம் எதிர்வரிசையைத் தாண்டித் திரும்ப வேண்டிய பக்கத்திலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டால் 156 வண்டி. சிக்னல் சுற்று, அதாவது ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை, 120 வினாடி என்றால் மணிக்கு 30 சுற்று. சுற்றுக்குச் சராசரி 5.2 கார். ஆறு பிடிக்கிற தடத்துக்கு 5.2 சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். வண்டிகள் சராசரியாக வருவதில்லை. தற்செயலாக வருகிறவற்றை எண்ணும் பாய்ஸான் பரவலில் போட்டுப் பார்த்தால், ஆறுக்கு மேல் வரும் சுற்றுகள் ஏறக்குறைய 27 சதவீதம். அதாவது உச்ச மணியில் எட்டுத் தடவை ஏழாவது கார் நேர்த்தடத்தில் வால் நீட்டி நிற்கும், பின்னால் வருகிறவர் பிரேக் அடிப்பார். இருபதில் பத்தொன்பது சுற்றுக்குப் போதுமான நீளம் வேண்டும் என்றால் ஒன்பது கார், சுமார் 68 மீட்டர். அதற்கு முன் வேகம் குறைக்கும் சரிவுப் பகுதி, அதாவது தடம் கொஞ்சம் கொஞ்சமாக அகலும் இடம், தனி. 45-க்குள் அதையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்களா பாருங்கள்.

60 சதவீதம் என்பது நான் உதாரணத்துக்கு எடுத்தது. அறிக்கையில் திசைப் பங்கீடு என்று ஒரு படம் இருக்கும். அதிலுள்ள எண்ணைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்யலாம்.

மஞ்சள்விளக்கு

மேலே சொன்னது கேட்டுக்கு. ஜங்ஷனின் 'டி, டி, 4 வினாடி'யை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எச்சிஎம் எனப்படும் அமெரிக்கச் சாலைக் கொள்ளளவுக் கையேட்டின்படி சிக்னல் ஜங்ஷனில் வண்டிக்குச் சராசரி தாமதம் 35 வினாடிக்கு மேல் 55 வரை இருந்தால் 'டி'. 80 வரை 'ஈ'. அதற்கு மேல் 'எஃப்'. ஆக 36-ம் 'டி', 54-ம் 'டி'. எழுத்தை விடுங்கள், வினாடியைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், அந்த வினாடி ஜங்ஷன் மொத்தத்துக்கும் சராசரி. நேராகப் போகும் 1,800 வண்டி தலைக்கு 25 வினாடி நிற்கிறது, திரும்பும் 150 வண்டி தலைக்கு 140 வினாடி நிற்கிறது என்று வையுங்கள். சராசரி 34 வினாடி, தரம் 'சி'. திரும்புகிறவர்களுக்கோ அது 'எஃப்'. உங்கள் குடியிருப்புக்காரர்கள் பெரும்பாலும் அந்த 150-ல்தான் இருப்பார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனித் தாமதம், 95-வது சதமான வரிசை நீளம் (நூற்றில் 95 தடவை வரிசை தாண்டாத நீளம்), கொள்ளளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது, இந்த மூன்றும் இணைப்புத் தாள்களில் இருக்கும். நிரம்பல் 0.95-ஐத் தாண்டிய தடத்தைச் சிவப்பால் வட்டமிடுங்கள். அங்கே பத்து வண்டி கூடினாலும் தாமதம் தாவிக் குதிக்கும்.

பழைய வித்தை ஒன்று உண்டு. 'கடை இல்லாமல்' கணக்கை இன்றைய சிக்னல் நேரத்தில் ஓட்டுவார்கள். 'கடையோடு' கணக்கை மென்பொருள் சீர்செய்து தந்த புது நேரத்தில் ஓட்டுவார்கள். சில அறிக்கைகளில் கடை வந்தால் தாமதம் குறையும் என்றுகூட வருவது இப்படித்தான். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுற்று நேரமும் ஒவ்வொரு பக்கத்துப் பச்சை நேரமும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், "கடை இல்லாத நிலையையும் சீர்செய்த நேரத்தில் ஓட்டிக் காட்டவும்" என்று ஒரே வரி எழுதுங்கள். 4 வினாடி எவ்வளவு ஆகிறது என்று அப்போது தெரியும்.

மூடிய ஆலை என்கிறீர்கள். 374-ல் அதற்காக எதையும் கழிக்கவில்லை போலத் தெரிகிறது. ஆனாலும் 'தற்போதைய பயன்பாடு' என்ற பெயரில் அடிப்படைக் கணக்கில் ஓடாத ஆலையின் லாரிகள் உட்கார்ந்திருக்கலாம். ஓடாத ஆலைக்கு வண்டி ஏது?

எந்த ஆண்டுக்குக் கணக்குப் போட்டார்கள் என்பதையும் பாருங்கள். திறக்கும் ஆண்டோடு நிறுத்தியிருந்தால் போதாது. ஆண்டுக்கு 2 சதவீதம் சாதாரணமாக வளர்ந்தாலே பத்து ஆண்டில் 22 சதவீதம். பக்கத்தில் ஏற்கெனவே அனுமதி வாங்கிய கட்டடங்களின் டிரிப்பும் அதற்கு மேல் சேர வேண்டும்.

மூலைவீடு

பெரிய நன்றி. கேட் அம்புகளைக் கூட்டினேன், 374 தான் வருகிறது! பீக் அவர் ஃபாக்டர் (உச்ச மணிக்குள் வண்டிகள் எவ்வளவு சீராக வருகின்றன என்ற காரணி) 0.95 என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள், அது சரியா? அவர்கள் எண்ணிய வண்டிக் கணக்கிலேயே சந்தேகம் இருக்கிறது. நாங்களே எண்ணினால் ஏற்பார்களா?

கைக்கணக்கு

முறையாக எண்ணினால் தள்ள முடியாது. அரைகுறையாக எண்ணினால் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

நாலுமுனை ஜங்ஷனில் பக்கத்துக்கு மூன்றாக மொத்தம் 12 போக்கு. ஆளுக்கு ஒரு பக்கம், நாலு பேர், மாற்றுக்கு இரண்டு பேர். தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு வரிசை; நெடுக்கில் இருசக்கரம், கார், பஸ், லாரி, நடப்பவர். 15 நிமிடம் முடிந்ததும் அடுத்த வரிசைக்குப் போய்விடுங்கள், விட்டதைப் பின்னால் சேர்க்காதீர்கள். நாலு பேர் கடிகாரமும் வினாடி சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். மாடியிலிருந்து போனில் வீடியோ எடுத்து வைத்தால் பிறகு சரிபார்க்கலாம்.

வாரத்தின் நடுவில் இரண்டு நாள், மாலை 4:30 முதல் 7:30 வரை. வார இறுதியில் ஒரு நாள், முற்பகல் 11 முதல் 2 வரை. கடைகளுக்கு வார இறுதிதான் பெரிய உச்சம். அதை விட்டுவிட்டு வார நாள் மாலையை மட்டும் காட்டுவது அறிக்கைகளில் சகஜம். பள்ளி விடுமுறை, மழை, பண்டிகை நாள், பக்கத்தில் சாலை வேலை இருந்தால் எண்ண வேண்டாம். அவர்கள் எண்ணிய தேதி அப்படிப்பட்ட நாளில் விழுகிறதா என்று காலண்டரை எடுத்துப் பாருங்கள்.

0.95 பற்றி. உங்கள் நாலு கால்மணி எண்கள் 180, 210, 290, 220 என்று வந்தால் மணிக்கு 900. காரணி = 900 ÷ (4 × 290) = 0.78. கணக்கில் 900-ஐ இந்தக் காரணியால் வகுத்துத்தான் போடுவார்கள். 0.95 என்றால் 947. உண்மைக் காரணி என்றால் 1,160. பள்ளியோ ஷிப்டு விடும் தொழிற்சாலையோ பக்கத்தில் இருந்தால் கால்மணி நேரம் இப்படித்தான் முட்டும். எல்லாப் போக்குக்கும் ஒரே 0.95 என்றால் அது எண்ணிய எண் இல்லை, யாரோ இட்டு நிரப்பிய எண்.

பலர் தவறுகிற இடம் இன்னொன்று. நெரிசலில் எண்ணினால் நீங்கள் எண்ணுவது கடந்துபோன வண்டிகளை மட்டும். பச்சையில் போக முடியாமல் நிற்பவை கணக்கிலேயே வராது. கடும் நெரிசல் நேரத்தில் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்து, சாலை காலியாக இருப்பது போல அறிக்கையில் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை சிவப்பு விழும்போதும் எத்தனை வண்டி மிச்சம் நிற்கிறது என்று ஓர் ஆள் தனியாகக் குறிக்க வேண்டும். நிறுத்தக் கோட்டிலிருந்து டேப் பிடித்து 15, 30, 45 மீட்டருக்கு நடைபாதை ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் கண்ணால் பார்த்தே எழுதலாம்.

இருசக்கர வண்டியை வழக்கமாகக் காரில் பாதியாக எடுப்பார்கள். நீங்கள் மாற்றிக் கொடுக்காதீர்கள், எண்ணியதை எண்ணியபடியே கொடுங்கள்.

ஐடிஇ எண்கள் பெரும்பாலும் காரிலேயே போய்வரும் அமெரிக்கப் புறநகர்க் கடைகளில் எடுத்தவை. உங்கள் பகுதியில் நடந்தும் பஸ்ஸிலும் இருசக்கரத்திலும் வருகிறவர் அதிகம் என்றால் அது கூடவோ குறையவோ காட்டும். கிட்டத்தட்ட இதே அளவுள்ள வேறொரு கடையின் கேட்டில் மூன்று மணி நேரம் உள்ளே, வெளியே எண்ணி, ஆயிரம் சதுர அடிக்கு வகுத்துப் பாருங்கள். இரண்டு கடை பார்த்தால் இன்னும் நல்லது. உங்களுக்குச் சாதகமாக வராவிட்டாலும் கொடுங்கள்.

லோடுவண்டி

எல்லாரும் காரையே பேசுகிறீர்கள். சரக்கு எந்த வழியாக வரும்?

16.5 மீட்டர் நீள டிரெய்லர் லாரி திரும்ப வெளிவட்டம் 12.5 மீட்டர் ஆரம் வேண்டும். ஐரோப்பிய விதி அப்படி. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டும். மூலையில் நிற்கிற ஆளை இடிப்பது அந்தப் பின்சக்கரம்தான். அறிக்கையில் லாரியின் திருப்பத் தடப் படம் இருக்க வேண்டும். சாலையிலிருந்து நுழைவது, டாக்கில், அதாவது சரக்கு இறக்கும் மேடையில், பின்னோக்கி ஒட்டுவது, வெளியேறுவது என மூன்று படம். டாக்குக்கு முன்னால் 30 மீட்டருக்கு மேல் வெற்றிடம் இல்லையென்றால் லாரி சாலையிலிருந்தே ரிவர்ஸ் எடுக்கும். "சாலையில் பின்னோக்கி ஓட்டக் கூடாது" என்று நிபந்தனை எழுதினால் மட்டும் இடம் வந்துவிடாது.

நேரத்துக்கு முன்னால் வந்த லாரி எங்கே நிற்கும்? உள்ளே ஒன்றிரண்டு லாரிக்கு நிறுத்துமிடம் இல்லையென்றால் உங்கள் தெருவில், குளிர்சாதன மோட்டார் ஓடியபடி, விடியற்காலை நிற்கும். இரவு டெலிவரிக்கு நேர வரம்பு கேட்கும்போது வாசல் திறக்கும் நேரத்தை மட்டும் எழுதாதீர்கள், வந்து காத்திருப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பார்க்கிங்கில் சீட்டு எடுக்கும் தடுப்புக் கம்பம் உண்டா? ஒரு காருக்கு 12 வினாடி என்றால் மணிக்கு 300 கார்தான் போகும். 260 வரும் இடத்தில் அது 87 சதவீதம் நிரம்பிய வாசல். சராசரியாகவே நாலிலிருந்து ஆறு கார் நிற்கும், சில நேரம் பத்தைத் தாண்டும். கேட்டிலிருந்து கம்பம் வரைக்கும், அல்லது கம்பம் இல்லையென்றால் முதல் பார்க்கிங் வளைவு வரைக்கும், எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அது 10 மீட்டர் என்றால், ஒரே ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தாலும் மெயின் ரோடு நிற்கும். புதுச் சிக்னல் பச்சை காட்டி என்ன பிரயோஜனம், உள்ளே போக இடமில்லையே.

வரட்டுமே

நான் கடைக்கு ஆதரவு. அதனால் ஆட்சேபம் சொல்கிறவர்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

நிலம் வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்டிருந்தால், "டிராஃபிக் கூடும்" என்ற ஒன்றை மட்டும் வைத்துத் திட்டத்தைத் தடுப்பது பெரும்பாலும் நடக்காது. வகைமாற்றம் கேட்டிருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். மொத்த வியூகமும் அதைப் பொறுத்தது. கையெழுத்து மட்டும் மாறிய ஒரே கடிதம் 200 போனால் அது ஒரு கருத்துதான். இன்று தூரத்துக் கடைக்கு வண்டி எடுத்துப் போகிறவர்கள் நாளை பக்கத்தில் வாங்கினால், மொத்தமாக ஓடும் கிலோமீட்டர் குறையவும் கூடும். உங்கள் கேட்டில் கூடும் என்பதும் உண்மை, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

அகலப்படுத்துவதை விரும்புகிறவர்களும் யோசியுங்கள். 12 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 10 வினாடியில் கடப்பார். 0.8 மீட்டரில் நடக்கும் வயதானவருக்கு 15 வினாடி. இரண்டு தடம் சேர்த்து 19 மீட்டர் ஆனால் அவருக்கு 24 வினாடி. அந்த வினாடிகளைச் சிக்னல் தராவிட்டால் தெருவில் உள்ளவர்கள் எதிரே இருக்கிற கடைக்குக்கூட வண்டியில்தான் போவார்கள்.

சாலைக்கணக்கு

வரட்டுமே சொல்வதில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. 'வேண்டாம்' என்பதைவிட 'இப்படி வேண்டாம்' என்பதற்கு வலு அதிகம். ஆனால் ஒன்று விட்டுப்போகிறது: கேட் தெருமுனைக்கு எதிரே வருவது.

மூன்றுமுனைச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் முட்டக்கூடிய புள்ளிகள் 9. நாலுமுனை ஆனதும் 32. சிக்னல் அவற்றை நேரத்தால் பிரித்துவைக்கும், அழிக்காது. உங்கள் தெருவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. கடையிலிருந்து வெளியே வருகிறவர் பச்சை விழுந்ததும் நேராக எதிர்த்தெருவுக்குள் பாய்வது வசதி. அறிக்கையின் திசைப் பங்கீட்டில் உங்கள் தெருவுக்கு 0 அல்லது 2 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். தெருவின் மறுமுனை இன்னொரு பெரிய சாலையில் ஏறுகிறது என்றால் அது குறுக்குவழி ஆகிவிடும். மெயின் ரோட்டு வரிசை நீள நீள அந்தச் சதவீதம் ஏறும். கேட்டிலிருந்து உங்கள் தெருவுக்குள் நேர்ப்போக்கைத் தடுக்கும்படி மேடை கட்டச் சொல்லலாம். போர்டு மட்டும் வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. இப்போதே உங்கள் தெருவின் வண்டி எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட ஆதாரம் அதுதான்.

நிபந்தனைகளை எழுதும்போது யார், எதற்குள், எப்படி அளந்து, தவறினால் என்ன என்ற நாலும் வர வேண்டும். "போக்குவரத்து பாதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பதை யாராலும் அமல்படுத்த முடியாது. மாதிரிக்கு இப்படி:

"திரும்பும் தடம் சரிவுப் பகுதி நீங்கலாகக் குறைந்தது 70 மீட்டர் நீளத்தில், கடை திறக்கும் முன் விண்ணப்பதாரர் செலவில் முடிக்கப்பட வேண்டும். திறந்த 3-வது மாதத்திலும் 12-வது மாதத்திலும், வார நாள் ஒன்றும் வார இறுதி நாள் ஒன்றும் எண்ணிக்கை எடுக்க வேண்டும். உச்ச மணியில் மூன்று சுற்றுக்கு மேல் வரிசை தடத்தைத் தாண்டினால், 90 நாளில் சிக்னல் நேர மாற்றமோ தட நீட்டிப்போ செய்ய வேண்டும். அதற்கான தொகை முன்கூட்டியே வைப்பாக இருக்க வேண்டும்."

'திறக்கும் முன்' என்ற சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள். கடை ஓட ஆரம்பித்த பிறகு யாருக்கும் அவசரம் இருக்காது. திறப்பு விழா மாதக் கூட்டம் வேறு கணக்கு. அதை 3-வது மாத எண்ணோடு கலக்க வேண்டாம், போக்குவரத்து ஒழுங்குக்குத் தற்காலிக ஏற்பாடு மட்டும் கேளுங்கள்.

மூலைவீடு

வகைமாற்றம் கேட்கவில்லை, நிலம் ஏற்கெனவே வணிகப் பகுதி. அப்படியானால் தடுக்கும் பேச்சை விட்டுவிடுகிறோம். சிக்னல் நேரத்தை ஒப்பிட்டேன்: 'கடை இல்லாமல்' 90 வினாடிச் சுற்று, 'கடையோடு' 120. கேட்டிலிருந்து முதல் பார்க்கிங் வளைவு வரைபடத்தில் 11 மீட்டர் வருகிறது. கடிதத்தில் எதை முதலில் வைப்பது?

மஞ்சள்விளக்கு

கேட்டில் 374 போட்டதை முதலில். அது பக்க எண்ணோடு நிரூபிக்கக்கூடிய பிழை, அதைத் திருத்தினாலே தடத்தின் நீளமும் சிக்னல் கணக்கும் திரும்பப் போட வேண்டியிருக்கும். இரண்டாவது 90-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது அந்த 11 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் பக்க எண், அட்டவணை எண், ஒரு கேள்வி. மொத்தம் ஒரே பக்கம். உங்கள் எண்ணிக்கைத் தாள்கள் இணைப்பாகப் போகட்டும். மென்பொருள் கோப்பையும் கேளுங்கள், அச்சிட்ட தாளில் தடத்தின் நீளத்தை என்னவாகக் கொடுத்தார்கள் என்பது தெரியாமல் போகலாம்.

120 வினாடிச் சுற்றில் உங்கள் தெருவுக்கு எத்தனை வினாடி பச்சை என்பதையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிடுங்கியிருப்பார்கள்.